ஐபிவி4-ஐ ஒரு நாள் அணைத்துப் பாருங்கள்

கேள்வி இதுதான்: ரூட்டரில் ஐபிவி6 (இணையத்தில் கருவிகளுக்கு முகவரி தரும் புதிய முறை, பழையது ஐபிவி4) என்று ஒரு தேர்வு அணைந்தே கிடக்கிறது, அதை ஆன் செய்தால் என்ன லாபம்? வீட்டிலுள்ள கருவிகள் எல்லாம் வெளியுலகத்துக்குத் திறந்துவிடுமா? பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு நோண்டிப் பழகும் ஒருவர் எங்கிருந்து தொடங்கலாம்?

ஆன் செய்யுங்கள், தயங்க வேண்டாம். இணையச் சேவை தருபவர் ஐபிவி6 கொடுத்தால் சில நிமிட வேலைதான். ஆனால் நோண்டிப் பழகுகிறேன் என்று சொல்லியிருப்பதால் அதோடு நிறுத்த எனக்கு மனமில்லை. ஆன் செய்த பிறகு ஒரே ஒரு கம்ப்யூட்டரில் ஐபிவி4-ஐ முழுதாக அணைத்துவிட்டு, ஒரு நாள் முழுக்க அதில் வழக்கமான வேலையைப் பாருங்கள். ஐபிவி6 பற்றி நான் உருப்படியாகக் கற்றதில் பெரும்பகுதி அப்படி அணைத்து வைத்த நாட்களில் வந்ததுதான்.

ஏன் அணைக்க வேண்டும்? இரண்டும் சேர்ந்து ஓடும்போது ஐபிவி6 உடைந்து கிடந்தாலும் உங்களுக்குத் தெரியாது. இன்றைய பிரவுசர்கள் ஹாப்பி ஐபால்ஸ் என்ற முறையில் இயங்குகின்றன: முதலில் ஐபிவி6 வழியாகத் தட்டிப் பார்க்கும், சுமார் 250 மில்லிசெகண்டுக்குள் கதவு திறக்கவில்லை என்றால் ஐபிவி4 வழியாகவும் தட்டும், எது முதலில் திறக்கிறதோ அதில் போய்விடும். பயனருக்கு இது பெரிய உதவி, கற்றுக்கொள்ள நினைப்பவருக்கோ திரை போட்டு மறைத்த மாதிரி. பக்கம் திறந்துவிட்டது, எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பாதி உடைந்த அமைப்பை ஓட்டிக்கொண்டிருப்போம். வழுக்கினால் பிடித்துக்கொள்ள ஐபிவி4 இல்லாதபோதுதான் எங்கே ஓட்டை என்று தெரியும்.

ஐபிவி4-லிருந்து ஐபிவி6-க்கு உலகம் மாறுவது இவ்வளவு மெதுவாக நடப்பதன் காரணமும் அங்கேதான் இருக்கிறது. 1983 ஜனவரி 1 அன்று, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் தன் பழைய நெறிமுறையைக் கைவிட்டு, இன்றைய இணையம் ஓடும் டிசிபி/ஐபிக்கு மாறியது, அதற்கென நாள் குறித்து எல்லாரையும் மாறச் சொன்னார்கள். அந்த வலையமைப்பு சின்னது என்பதால் அது முடிந்தது. ஐபிவி6-க்கு அப்படி ஒரு நாள் குறிக்க யாராலும் முடியவில்லை. 32 பிட் முகவரி கொண்ட ஐபிவி4 வரையறை 1981-ல் வந்தது, மொத்தம் 4,294,967,296 முகவரிகள், அதாவது ஏறக்குறைய 429 கோடி. இது போதாது என்று தெரிந்து 128 பிட் முகவரியோடு ஐபிவி6-இன் முதல் வரையறை 1995 டிசம்பரிலேயே வெளியாகிவிட்டது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே, 1994-ல், நேட் பற்றிய ஆவணம் வந்திருந்தது: உள்ளே எத்தனை கருவிகள் இருந்தாலும் வெளியே ஒரே முகவரியில் நிற்கும் முறை. தற்காலிகக் கட்டாகத்தான் அதை நினைத்தார்கள், ஆனால் கட்டு நன்றாகவே பிடித்துக்கொண்டது. 2011 பிப்ரவரி 3 அன்று உலக அளவிலான இருப்பிலிருந்து கடைசி ஐபிவி4 தொகுதிகளையும் பங்கிட்டுக் கொடுத்து முடித்தார்கள். அப்போதும் இணையம் நின்றுவிடவில்லை. இணையச் சேவை தருபவர்களே இன்னொரு அடுக்கு நேட் போட ஆரம்பித்தார்கள், அதற்கென்றே 2012-ல் 100.64 என்று தொடங்கும் தனி முகவரித் தொகுதியை ஒதுக்கினார்கள். உங்கள் ரூட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள், 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தால் பல வீடுகளோடு ஒரே முகவரியைப் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

அப்படிப் பகிரும்போது வீட்டிலிருந்து ஒரு சர்வர் ஓட்டுவது ஏறக்குறைய முடியாத காரியம். போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு கருவிக்குத் திருப்பிவிடும் விதி) உங்கள் ரூட்டரில் போட்டும் பயனில்லை, அதற்கு மேலே உள்ள நேட் உங்கள் கையில் இல்லை. வேறு யாரோ செய்த தவறுக்கு உங்கள் முகவரியும் சேர்ந்து தடைப்பட்டியலில் ஏறும். எனக்கு ஐபிவி6 மேல் பிடிப்பு வந்தது இதனால்தான். வேகம் கூடும் என்பார்கள், சில இடங்களில் கூடும், சில இடங்களில் கூடாது, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். என் மேசையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டருக்கு உலகத்தில் எங்கிருந்தும் நேராகப் போய்ச் சேரும் முகவரி கிடைக்கிறது, அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, இது எனக்குப் பெரிய விஷயம். பல இடங்களில் ஒரு வீட்டுக்கு /56 அளவு தொகுதி (முகவரியின் முதல் 56 பிட் மாறாது, மீதி உங்களுக்கு) கொடுப்பார்கள், அதில் 256 உள்வலைகள் போடலாம். ஒவ்வொரு உள்வலையும் /64. அந்த ஒரே /64-க்குள் இருக்கும் முகவரிகள் எத்தனை தெரியுமா? உலகத்தின் மொத்த ஐபிவி4 முகவரி எண்ணிக்கையை அதே எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது.

சரி, பாதுகாப்பு. நேட் போனால் வீடு திறந்துவிடும் என்ற பயம் எல்லாருக்கும் வருகிறது. உங்களை இத்தனை நாள் காத்தது, உள்ளிருந்து தொடங்கிய உரையாடலுக்கு மட்டும் பதிலை உள்ளே விடும் ஃபயர்வால், முகவரியை மாற்றி எழுதும் வேலை அல்ல. ரூட்டரில் இரண்டும் ஒன்றாகவே இருந்ததால் நேட்டுக்கு அந்தப் பெயர் கிடைத்துவிட்டது. ஐபிவி6-லும் அதே ஃபயர்வால் அப்படியே வேலை செய்யும், ஆனால் சில மலிவான ரூட்டர்களில் அது அணைந்தே வரும், ஆகவே ஆன் செய்த அன்றே வெளியிலிருந்து, மொபைல் இணையத்தில் இருக்கும் ஒரு கருவியிலிருந்து, உங்கள் கம்ப்யூட்டரின் போர்ட்டுகளைத் தட்டிப் பார்த்துவிடுங்கள்.

முகவரி வெளி பெரியதாக இருப்பதும் ஓரளவு காப்புதான். 2013-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஸீமேப் என்ற கருவி மொத்த ஐபிவி4 உலகத்தையும் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து 45 நிமிடத்துக்குள் துழாவிக் காட்டியது. அதே வேகத்தில் ஒரே ஒரு /64-ஐத் துழாவ 3.6 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இதை மட்டும் நம்பிப் படுத்துத் தூங்கவும் முடியாது. சர்வருக்கு நாம் வைக்கும் முகவரி பெரும்பாலும் 1 என்றோ 10 என்றோ முடியும், அதை யாரும் ஊகித்துவிடலாம், பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்-ல் போட்ட பெயரும் எல்லார் கண்ணிலும் படும். கருவிகளைப் பொறுத்தவரை, ஆரம்ப காலத்தில் முகவரியின் பின்பாதியில் நெட்வொர்க் கார்டின் மேக் எண் (கார்டுக்கே உரிய அடையாள எண்) கிட்டத்தட்ட அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, எந்த வலையில் போய் இணைந்தாலும் அதே வால், பின்தொடர்வது சுலபம். இப்போது பெரும்பாலான கருவிகள் தற்காலிக முகவரி ஒன்றை உருவாக்கி அவ்வப்போது மாற்றிக்கொள்கின்றன. ஒரே இடைமுகத்தில் நாலைந்து ஐபிவி6 முகவரிகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அது இயல்புதான்.

பாதுகாப்புக்காக ஐபிவி6-ஐத் தொடாமல் இருக்கிறேன் என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும், அவர்கள் வலையில் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து அது இயல்பாகவே ஆன், லினக்ஸும் ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரும் அப்படியே. எஃப்இ80 என்று தொடங்கும் உள்முகவரி யாரும் கேட்காமலே உருவாகிவிடும். அந்த வலைக்குள் யாராவது ஒரு கருவி நான்தான் ரூட்டர் என்று அறிவித்தால் மற்ற கம்ப்யூட்டர்கள் நம்பி அதன் வழியே போகும். யாரும் கண்காணிக்காத ஐபிவி6-ஐ விட, நீங்களே போட்டு, நீங்களே பார்த்துக்கொள்ளும் ஐபிவி6 எவ்வளவோ மேல்.

இப்போது ஃபயர்வாலில் எல்லாரும் செய்யும் ஒரு தவறு, நானும் செய்தது. வலையின் பிழை, நிலைச் செய்திகளைச் சுமக்கும் ஐசிஎம்பி என்றால் பிங், பிங் என்றால் வேவு பார்ப்பது, மூடிவிடலாம் என்ற பழைய பழக்கத்தில், ரூட்டரைக் கடந்து வீட்டுக்குள் வரும் ஐசிஎம்பிவி6-ஐ (அதன் ஐபிவி6 வடிவம்) மொத்தமாக மறுக்கும் விதியை எல்லா விதிகளுக்கும் மேலே எழுதி வைத்திருந்தேன். பக்கங்கள் திறந்தன. சின்னச் சின்னச் செய்திகள் போயின. ஆனால் சில தளங்களில் ஒரு படத்தை ஏற்ற முயன்றால் அப்படியே நின்றுவிடும், பிழைச் செய்தியும் வராது, எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அதே நிலை. இரண்டு வாரம் பிரவுசரைச் சந்தேகப்பட்டேன், கேபிளைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டும் டிசிபிடம்ப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஐபிவி4-ல் பாக்கெட் பெரிதாக இருந்தால் நடுவிலுள்ள ரூட்டர் அதை உடைத்து அனுப்பலாம். ஐபிவி6-ல் நடு ரூட்டர் உடைக்கவே கூடாது, பாக்கெட் பெரிது என்று அனுப்பியவருக்கு ஒரு ஐசிஎம்பிவி6 செய்தி மட்டும் திருப்பி அனுப்பும், அனுப்பியவர்தான் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் செய்தியை நானே வாசலில் நிறுத்தி வைத்திருந்தேன். இணைப்பின் தொடக்கக் கைகுலுக்கல் சின்ன பாக்கெட்டுகளில் முடிந்துவிடுவதால் ஹாப்பி ஐபால்ஸும் இதைக் கண்டுபிடிக்காது, அதன் கணக்கில் ஐபிவி6 நன்றாகத்தானே திறந்தது! ஆகவே ஐசிஎம்பிவி6-ஐ மூடாதீர்கள். அண்டைக் கருவியைக் கண்டுபிடிப்பது, ரூட்டரைக் கண்டுபிடிப்பது, முகவரி இரட்டிப்பாகிறதா என்று சோதிப்பது எல்லாமே அதில்தான் நடக்கின்றன. ஐபிவி4-ல் அண்டைக் கருவியின் மேக் எண்ணைக் கண்டுபிடிக்க ஏஆர்பி என்ற நெறிமுறை பார்த்த வேலையும் இங்கே அதனுடையதுதான்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வதை விட நீங்களே உடைத்துப் பார்ப்பது நல்லது, அதற்கு வீட்டு வலையைத் தொட வேண்டியதே இல்லை. லினக்ஸில் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் என்று ஒன்று இருக்கிறது, ஒரே கம்ப்யூட்டருக்குள் தனித்தனி வலை உலகங்களை உருவாக்கி மெய்நிகர் கேபிளால் இணைக்கலாம். நான்கு போடுங்கள்: ஒரு பயனர், இரண்டு ரூட்டர், ஒரு சர்வர், வரிசையாக. முதல் ரூட்டரில் ராட்விடி என்ற சின்ன நிரலை ஓட்டி அறிவிப்பு அனுப்ப விடுங்கள், பயனர் பக்கம் டிசிபிடம்ப் திறந்து வையுங்கள். பயனர் 133-ஆம் வகைச் செய்தியில் ரூட்டர் இருக்கிறதா என்று கேட்பதும், ரூட்டர் 134-ல் பதில் சொல்வதும், பயனர் தானே ஒரு முகவரியைக் கட்டிக்கொண்டு, இதை வேறு யாராவது வைத்திருக்கிறீர்களா என்று 135-ல் ஊரைக் கேட்பதும் கண்முன்னே ஓடும். முகவரிகளைப் பங்கிட்டுத் தரும் டிஎச்சிபி சர்வர் இல்லாமல் ஒரு கம்ப்யூட்டர் தானாக முகவரி எடுத்துக்கொள்வதை முதல் தடவை பார்த்தபோது எனக்கு உண்மையாகவே சிலிர்த்தது.

அப்புறம் இரண்டு ரூட்டருக்கும் நடுவிலுள்ள கேபிளில் போகக்கூடிய பாக்கெட்டின் உச்ச அளவை 1500-லிருந்து 1400 பைட்டாகக் குறையுங்கள். நடுவில்தான் குறைக்க வேண்டும், பயனர் பக்கமோ சர்வர் பக்கமோ குறைத்தால் டிசிபி தொடக்கத்திலேயே அளவைப் பேசிச் சுதாரித்துக்கொள்ளும். ஒரு பெரிய கோப்பை அனுப்புங்கள், பாக்கெட் பெரிது என்ற செய்தி வருவதும் உடனே அளவு குறைவதும் தெரியும். இப்போது பயனரின் ஃபயர்வாலில் அந்தச் செய்தியைத் தடுத்துவிட்டு மறுபடி அனுப்புங்கள். நான் இரண்டு வாரம் தேடியதை இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடுவீர்கள். ஒருமுறை சோதித்த பாதையின் அளவைக் கர்னல் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும், அதை அழித்துவிட்டுச் சோதியுங்கள், இல்லையென்றால் தடுத்த பிறகும் கோப்பு போய்க்கொண்டே இருக்கும், என்ன தவறு என்று புரியாது.

இன்னொரு பொறியும் உண்டு. லினக்ஸ் கம்ப்யூட்டரை ரூட்டராக்க ஐபிவி6 ஃபார்வர்டிங்கை (மற்றவர் பாக்கெட்டுகளைக் கடத்திவிடும் வசதி) ஆன் செய்த உடனே அது மற்ற ரூட்டர்களின் அறிவிப்பைக் கேட்பதை நிறுத்திவிடும், நீயே ரூட்டர் ஆயிற்றே என்ற தர்க்கம். கொஞ்ச நேரம் எல்லாம் ஓடும், பழைய வழியின் ஆயுள் முடிந்ததும் இணைப்பு போய்விடும். அறிவிப்பை ஏற்கும் அமைப்பின் மதிப்பை 2 என்று வைத்தால் இரண்டையும் செய்யும். மெய்நிகர் இயந்திரமோ கன்டெய்னரோ ஓட்டும் மென்பொருள் உங்களைக் கேட்காமலே ஃபார்வர்டிங்கை ஆன் செய்யும்போதும் இதே கோளாறு வரலாம்.

இனி அந்த ஐபிவி4 இல்லாத நாளுக்கு வருகிறேன். முகவரியையும் வழியையும் நீக்கியதும் முதலில் விழுவது பெரும்பாலும் டிஎன்எஸ், ஏனென்றால் எப்போதோ எழுதி வைத்த டிஎன்எஸ் சர்வர் முகவரி ஐபிவி4 ஆக இருக்கும். அடுத்து நேரம்: கடிகாரத்தைச் சரிசெய்யப் பலரும் பயன்படுத்தும் பொது என்டிபி குழுமத்தில் நெடுங்காலம் 2 என்று தொடங்கும் பெயருக்கு மட்டும்தான் ஐபிவி6 பதில் கிடைத்து வந்தது. பெரிய தேடுபொறிகள், காணொளித் தளங்கள், லினக்ஸ் பொதிகள் எல்லாம் சிக்கல் இல்லாமல் வரும். நீங்கள் எதிர்பார்க்காத சில தளங்கள் வராது, அதில் தொழில்நுட்பத் தளங்களே இருக்கும், அது வருத்தமாகத்தான் இருக்கும்.

நீங்களே எழுதிய நிரல்கள் இருந்தால் அங்கேதான் அதிகம் கற்பீர்கள். முகவரியையும் போர்ட்டையும் முக்காற்புள்ளியில் வெட்டிப் பிரிக்கும் நிரல் உடையும், ஐபிவி6 முகவரிக்குள்ளேயே முக்காற்புள்ளிகள் இருக்கின்றன, அதனால்தான் அதைச் சதுர அடைப்புக்குள் எழுதுகிறோம். தரவுத்தளத்தில் முகவரிக்கு 15 எழுத்து இடம் விட்டிருந்தால் போதாது, ஐபிவி6-க்கு 39 வரை போகும். தொல்லை தருபவரை ஒரு முகவரி வைத்துத் தடுக்கும் நிரலுக்கும் அர்த்தம் இல்லாமல் போகும், அவர் கையில் ஒரு முழு /64 இருக்கும், அந்தத் தொகுதியையே தடுக்க வேண்டும். நிரல் 127.0.0.1-ல் மட்டும் காது கொடுத்துக்கொண்டிருக்க, தன் கம்ப்யூட்டரையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயர் ஐபிவி6-இன் ::1-க்குப் போய்ச் சேரும் கோளாறும் உண்டு. 2021-ல், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் ஜேஎஸ்-இன் 17-ஆம் பதிப்பு, டிஎன்எஸ் தந்த வரிசையை மாற்றாமல் அப்படியே எடுத்துக்கொள்ளத் தொடங்கியபோது இதில் பலர் மாட்டினார்கள்.

வராத தளங்களுக்கு வழி இருக்கிறது: நேட்64, டிஎன்எஸ்64. ஐபிவி6 முகவரி இல்லாத பெயரைக் கேட்டால் டிஎன்எஸ்64 அந்த ஐபிவி4 முகவரியையே ஐபிவி6 முகவரியின் கடைசி 32 பிட்டில் பொதித்துத் தரும், நேட்64 நடுவில் நின்று மொழிபெயர்க்கும். லினக்ஸில் ஜூல் அல்லது டெய்கா கொண்டு இதை நீங்களே அமைக்கலாம், இதைவிடச் சுவையான ஒரு வார இறுதி வேலை எனக்குத் தெரியாது. பெயர் இல்லாமல் நேரடியாக எண் முகவரியை எழுதி வைத்த செயலிகளுக்கு மட்டும் இது உதவாது, அதற்கு 464எக்ஸ்லேட் என்ற முறை இருக்கிறது, பல மொபைல் வலைகள் அதில்தான் ஓடுகின்றன, உங்கள் கைப்பேசி ஐபிவி4 இல்லாமலே பல ஆண்டுகளாக இயங்கிக்கொண்டிருக்கலாம். 2016 ஜூன் 1 முதல் ஆப்பிள் தன் கடைக்கு வரும் செயலிகள் ஐபிவி6 மட்டும் உள்ள வலையில் ஓடியே ஆக வேண்டும் என்று விதித்தது, அந்த ஒரு விதி நிறைய நிரல்களைச் சரிசெய்ய வைத்தது.

வீடு முழுதும் இப்படிப் போக நினைத்தால் ஒரேயடியாக ஐபிவி4-ஐ வெட்ட வேண்டாம். டிஎச்சிபியில் 108 என்ற தேர்வு 2020-ல் வந்தது: இந்த வலையில் ஐபிவி6 மட்டுமே போதும், முடிந்தவர்கள் ஐபிவி4 கேட்க வேண்டாம் என்று ரூட்டர் சொல்லும். ஆண்ட்ராய்டு, ஐஃபோன், மேக் போன்றவை ஒதுங்கிக்கொள்ளும், பழைய பிரிண்டர் வழக்கம் போல ஐபிவி4 வாங்கிக்கொள்ளும். யாரையும் வற்புறுத்தாமல் நகரும் இந்த முறை 1983 போல நாள் குறிப்பதை விட எவ்வளவோ நல்லது என்று நினைக்கிறேன்.

இணையச் சேவை தருபவர் உங்கள் தொகுதியை அவ்வப்போது மாற்றினால் வீட்டுக்குள் இருக்கும் சர்வர்களின் முகவரியும் மாறிக்கொண்டே இருக்கும். அதற்காக எஃப்டி என்று தொடங்கும் உள்முகவரித் தொகுதியைக் கூடுதலாகப் போடுவார்கள். போடுங்கள், ஆனால் ஒரு பெயருக்கு உள்முகவரியும் ஐபிவி4 முகவரியும் இருந்தால் 2012-இன் முன்னுரிமை விதிப்படி கம்ப்யூட்டர் ஐபிவி4-ஐத்தான் தேர்ந்தெடுக்கும். ஐபிவி6 போட்டும் பயன்படுத்த மாட்டேன் என்கிறதே என்று தலையைச் சொறியும் பலர் இதில்தான் மாட்டியிருப்பார்கள். /64-ஐ மேலும் சின்னதாக வெட்டவும் வேண்டாம், தானாக முகவரி எடுக்கும் முறை /64-ஐ எதிர்பார்க்கிறது, ஆண்ட்ராய்டு நெடுங்காலம் அந்த முறையை மட்டுமே ஏற்றது.

குவிக் (டிசிபிக்கு மாற்றாக வந்தது), எச்டிடிபி/3 (அதன் மேல் ஓடும், வலைப்பக்கங்களைக் கொண்டுவரும் முறை) போன்ற மற்ற புதிய நெறிமுறைகளும் நோண்டுவதற்கு நல்லவை, அவற்றில் சிரமம் குறைவு. குவிக் 2021-லும் எச்டிடிபி/3 2022-லும் வரையறையாகின, அதற்குள்ளாகவே பெரும்பாலான பிரவுசர்களில் வந்துவிட்டன. ஏற்கெனவே எங்கும் இருக்கும் யுடிபி என்ற எளிய நெறிமுறை மேல் ஓடுவதாலும், தன் உள்விவரங்களையே மறைத்து அனுப்புவதாலும், நடுவிலுள்ள பெட்டிகள் எதுவும் மாற வேண்டிய அவசியம் இல்லை, இரண்டு முனைகளில் மென்பொருளைப் புதுப்பித்தால் போதும். ஐபிவி6-க்கு நடுவிலுள்ள ஒவ்வொரு ரூட்டரும் மாற வேண்டியிருந்தது, பரவும் வேகத்தில் உள்ள வித்தியாசம் அதனால் வந்தது. உங்கள் வெப் சர்வர் எச்டிடிபி/3 பேசும் பதிப்பாக இருந்தால் அமைப்பில் ஆன் செய்து, ஃபயர்வாலில் 443 போர்ட்டை யுடிபிக்கும் திறந்துவிடுங்கள். அந்த இரண்டாவதைப் பலர் மறந்துவிடுவார்கள், பிரவுசர் சத்தமில்லாமல் பழைய முறைக்கே திரும்பிவிடும், இங்கேயும் அதே திரைதான். முதல் வருகையும் பெரும்பாலும் பழைய முறையில்தான் நடக்கும், எச்டிடிபி/3 எனக்குத் தெரியும் என்று சர்வர் தன் பதிலின் தலைப்பில் சொன்ன பிறகே பிரவுசர் மாறும், ஆகவே ஒரே தடவை பார்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

மெயில் சர்வரை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். தலைகீழ் டிஎன்எஸ் பதிவு (முகவரியிலிருந்து பெயரைச் சொல்வது) இல்லாத ஐபிவி6 முகவரியிலிருந்து போகும் மெயிலைப் பெரிய சேவைகள் ஏற்காது, வீட்டு இணைப்பில் அந்தப் பதிவைச் சேவை தருபவர்தான் போட வேண்டும். அது கிடைக்கும் வரை மெயில் ஐபிவி4-லேயே போகட்டும். மற்றதையெல்லாம் இந்த வாரமே தொடங்கலாம், முதலில் அந்த நான்கு நேம்ஸ்பேஸ், பிறகு ரூட்டரில் பொத்தான், பிறகு வெளியிலிருந்து போர்ட் சோதனை, எல்லாம் ஓடுகிறது என்று தோன்றிய பிறகு ஒரு நாள் காலையில் ஐபிவி4-ஐ நீக்கிவிட்டு, எது எப்போது விழுந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள்.